நமக்கும் ஒரு கப்பல் பயணம்



இந்த மாதம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை; ஆஸ்பத்திரிக்கும் இல்லை, திருவிழாவுக்கும் இல்லை. வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்கென்றே உங்கள் குடும்பம் கடைசியாக எப்போது ஓர் ஊருக்குப் போனது? விரல் மடக்கி எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு விரல்கூட மடங்காது.

"நமக்கு எதற்கு வாத்தியாரே அதெல்லாம்? காசு இருக்கிறவன் போகிறான்" என்பீர்கள். அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரைத் தலைப்பு கொடுப்பது வழக்கம்: "நான் சென்ற உல்லாசப் பயணம்." பிள்ளைகள் எழுதித்தான் கொடுக்கிறார்கள். "காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். நாங்கள் பேருந்தில் ஏறினோம். அலைகள் எங்களை வரவேற்றன." இருபது நோட்டுகளைத் திருத்தினால் பத்தில் இதே வரிகள் இருக்கும். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்தவை. போகாத பயணத்தைப் போனதாக எழுதப் பத்து வயதில் பிள்ளை பழகிக்கொள்கிறது. பாவம், அது என்ன செய்யும்? எழுதுவதற்குச் சொந்தமாக ஓர் அலைகூட அதனிடம் இல்லையே!

சரி, உல்லாசப் பயணத்தை வசதி உள்ளவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஐரோப்பாவில், பிரான்சு நாட்டில், ஆற்றிலும் கால்வாயிலும் படகில் போய் நாட்டுப்புறத்தைப் பார்ப்பது பெரிய விசேஷம். சேன் ஆற்றிலும் ரோன் ஆற்றிலும் படுக்கை அறை, சாப்பாட்டு அறை எல்லாம் உள்ள கப்பல்கள் ஓடுகின்றன. மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கரையோரம் கிராமங்களும் திராட்சைத் தோட்டங்களும் மெல்ல நகர்ந்து போகும். ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்று பல ஆண்டுகள் காசு சேர்க்கிறவர்களும் உண்டு.

அங்கே "மிடி கால்வாய்" என்று ஒன்று இருக்கிறது. தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கிலோமீட்டர். ரிக்கே என்ற உப்பு வரி அதிகாரி திட்டமிட்டு 1666-இல் தொடங்கினார். 1681-இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். மண்வெட்டியாலும் கூடையாலும் அதைத் தோண்டியவர்கள் ஆயிரக்கணக்கான கூலியாட்கள். மண் சுமந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மேட்டு நிலத்தில் படகு எப்படி ஏறும் என்று கேட்பீர்கள். முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டிக்குள் படகை நிறுத்திக் கதவை அடைத்து, மேலிருந்து தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் உயர உயரப் படகும் உயரும். பிறகு மேல் கதவைத் திறப்பார்கள். இப்படிப் படிப்படியாக மேடேறும். கோதுமையும் திராட்சை மதுவும் ஏற்றிச் செல்ல வெட்டிய அந்தக் கால்வாயில் இன்று போவதெல்லாம் உல்லாசப் படகுகள்தாம்.

அந்தப் படகில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் திராட்சைத் தோட்டம் அழகான காட்சி. ஆனால் அறுவடைக் காலத்தில் முதுகை வளைத்துப் பழம் கொய்பவர்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஓடும் ரயிலிலிருந்து பார்ப்பவனுக்கு நம் பால்மரக் காடு எப்படி? வரிசை வரிசையாக, பச்சைப் பசேலென்று அழகுதான். அதற்குள் விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு அல்லவா கொசுக்கடி தெரியும்! நாம் எப்போதும் பிறர் பார்க்கும் காட்சிக்குள்ளேயே இருந்துவிட்டோம். கப்பலின் மேல்தட்டில் நின்று பார்க்கிறவர்களாக இருந்ததில்லை.

இல்லை, கப்பலில் வந்தவர்கள்தாமே நம் முன்னோர் என்பீர்கள். வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்குக்கு ஏறத்தாழ ஐந்து நாள். 1907-இல் ஏற்படுத்திய தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். அதிலிருந்து கப்பல் கூலி கொடுக்கப்பட்டது. போவது எந்தத் தோட்டம் என்பது பலருக்குக் கங்காணி சொல்லித்தான் தெரியும். 1926-இல் கட்டிய "ரஜூலா" கப்பலுக்கு ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. கரை சேர்ந்ததும் நேரே ஊருக்குள் விட்டுவிடவில்லை. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. அங்கே வைத்திருந்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்த பிறகு அந்த வழி அடைபட்டது.

ரஜூலாவுக்குப் பின் "சிதம்பரம்" வந்தது. அது பிரான்சில் 1966-இல் "பாஸ்தர்" என்ற பெயரில் கட்டிய கப்பல் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிப் பெயர் மாற்றி நம் கடலில் விட்டது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பலின் கதை முடிந்தது.

ஆக, நம் தாத்தா பாட்டி கண்ட கடல், வயிற்றுக்காகக் கடந்த கடல். அலையை வேடிக்கை பார்க்க அவர்களுக்கு மனம் ஏது? அதே கடலில், நம் காசில் டிக்கெட் வாங்கி, நாம் விரும்பிய நாளில், பார்ப்பதற்கென்றே ஒருமுறை போக வேண்டும் என்கிறேன். அதற்குப் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. பட்டர்வொர்த் போதும்.

பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் அளவே தண்ணீர். அங்கே ஃபெரி ஓடத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1985-இல் பாலம் திறந்த பிறகு நம்மில் பலர் பஸ்ஸிலேயே போய் வந்துவிடுகிறோம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே கடலைக் கடந்துவிடுகின்றன! காரையும் ஆளையும் ஏற்றிச் சென்ற பழைய இரண்டு தட்டு ஃபெரிகளில் பயணிகள் போவது 2020-ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய ஃபெரிகள் வந்தன. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும் போகலாம். கட்டணம் சில வெள்ளிதான். ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் துறைக்கு நடந்தே போய்விடலாம்.

ஏறியதும் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குத் திசை காட்டுங்கள். வலப்பக்கம் வடக்கு. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கெடாவின் ஜெராய் மலை தெரியும். இடப்பக்கம் தெற்கு, நீளமாகப் பாலம். அந்தப் பாலத்துக்கு அப்பால் இருப்பதுதான் ஜெரெஜாக் தீவு. "பூட்டனும் பூட்டியும் இறங்கியபோது அங்கேதான் நிறுத்தி வைத்திருப்பார்கள்" என்று சொல்லுங்கள். பயணம் கால் மணி நேரம்தான். ஆனால் இதைச் சொல்ல அது போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1988 ஜூலை 31-ஆம் தேதி பட்டர்வொர்த் ஃபெரித் துறையில் பயணிகள் நின்ற மேல்தளம் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று திருவிழா நாள். தாங்க முடியாத கூட்டம். ஆகவே பெருநாள், திருவிழா நாட்களைத் தவிருங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள். பிள்ளையின் கையை விடாதீர்கள். கம்பிமேல் ஏற விடாதீர்கள்.

இறங்கியதும் கடைகளுக்குள் புகுந்துவிட வேண்டாம். சூலியா தெரு வழியாக நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரும். முன்பு இது பிட் ஸ்திரீட். பினாங்கை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட 1786-இல் பிரிட்டனுக்குப் பிரதமராக இருந்தவர் பிட். அவர் பெயர் போய் நம் ஊர்க்காரர் ஒருவருடைய பட்டப்பெயர் வந்திருக்கிறது.

"கெலிங்" என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்பார்கள். பிற்காலத்தில் அதை வசையாகச் சொல்லி நம் பிள்ளைகளைப் புண்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சாலையில் அது மரியாதைப் பெயர். காதிர் முகைதீன் என்பவர் இங்கே இந்திய முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக இருந்தார். அவர் முன்னின்று 1801-இல் எழுப்பியதே இந்தப் பள்ளிவாசல். அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்த பிள்ளை இருந்தால் இங்கே கூட்டி வந்து பெயர்ப்பலகையைக் காட்டுங்கள்.

அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில் இருக்கிறது. ஊதுபத்திப் புகையை வைத்தே கண்டுபிடிக்கலாம். நம் மகா மாரியம்மன் கோயிலின் பின்பக்கமும் இந்தச் சாலையில்தான். முன்வாசல் குயின் தெருவில். 1833-இல் எழுந்த கோயில் அது. சாலையின் வடகோடியில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கம்பெனியார் கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு அதில் இருக்கிறது. ஒரே நடையில் நான்கு மதங்களின் வாசல்! 2008-இல் இந்த நகரம் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கப்பலில் வந்து பார்க்கிறார்கள். பட்டர்வொர்த்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் நாம் பார்க்கவில்லை.

பசித்தால் நாசி கண்டார் இருக்கிறது. முன்னாளில் காவடிபோலத் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமாகச் சுமந்து வந்து துறைமுகத் தொழிலாளிக்கு விற்ற சோறு அது. பெரிய குடும்பமாக இருந்தால் செலவு ஏறும். வீட்டிலேயே புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போவதால் அடக்கமான உடுப்பும், எளிதில் கழற்றும் செருப்பும் நல்லது. தொழுகை நேரத்தில் உள்ளே போகாதீர்கள்.

"காசு?" என்ற கேள்வி வரும். ஓர் உண்டியல் வாங்கி வாரம் 5 வெள்ளி போடுங்கள். 20 வாரத்தில் 100 வெள்ளி. பிள்ளைகளே எண்ணட்டும், கணக்கும் வரும், ஆசையும் வளரும். "லீவு கிடைக்காதே?" என்றால், ஒரு ஞாயிறு போதும். "தண்ணீரைக் கண்டால் பயம்" என்ற அம்மாக்களுக்கு ஒரு சொல்: நடுவில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், தலை சுற்றாது.

பாட்டி வீட்டில் இருந்தால் விட்டுவிட்டுப் போகாதீர்கள். "கால் வலிக்கும், எதற்கு?" என்றுதான் முதலில் சொல்வார். ஃபெரியில் ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, அவருடைய அம்மா எந்தக் கப்பலில் வந்தார் என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அந்தக் கதையைக் கேட்க இன்னும் எத்தனை ஆண்டு நமக்கு வாய்க்கும்?

திரும்பி வந்ததும் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். பொற்கதிரும் வேண்டாம், வரவேற்கும் அலையும் வேண்டாம். "நான் பார்த்தது என்ன?" என்று பத்து வரி எழுதட்டும். "ஃபெரி கிளம்பும்போது தரை நடுங்கியது. அப்பா பயந்தார்" என்று எழுதினால் திருத்தாதீர்கள். அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். அந்த நோட்டைப் படிக்க ஆசிரியர் ஒருவர் ஆவலோடு காத்திருப்பார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.