குபேர் மாறினார், புதுவையும் மாறியது

கரோல் பாகில் நம்மவர் நாலு பேர் கூடினால் கட்சித் தாவல் பற்றிப் பேசாமல் கலைவதில்லை. தாவியவர் எல்லாரும் ஒரே ரகம்தானா? புதுவை எதுவார் குபேரைப் பாருங்கள்.

1951-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்குத் தேர்வானவர். பிரெஞ்சு ஆட்சிக்குத் தூணாக நின்றவர். 1954 மார்ச்சில் இந்திய இணைப்பின் பக்கம் வந்து, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். தன்னலமே காரணம் என்றவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கே வாக்களித்தனர். நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1963-இல் குபேர் முதலமைச்சரும் ஆனார்.

அவருடைய மாற்றம் வாக்கெடுப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கப்பட்டது. இன்றைய தாவல்களில் எத்தனை அப்படி?

அதற்காக, 1930-களிலிருந்தே ஆலைத் தொழிலாளரோடு நின்று போராடிய வ. சுப்பையாவைப் பின்னுக்குத் தள்ளவும் கூடாது. புதுவை இரயில் நிலையம் இருப்பது சுப்பையா சாலையில். கடற்கரையில் இருப்பது குபேர் சாலை. அடுத்த முறை அங்கே போகும்போது பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். முதலில் வந்தவர் யார், தாமதமாக வந்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.