ஒத்தை ஆளு ஐடி டிபார்ட்மெண்ட்

ஓசூர் சிப்காட்டுல எந்த நடுத்தரக் கம்பெனிக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு 'சிஸ்டம் தம்பி' இருப்பார். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் அவர்தான், டேலி திறக்கலைன்னாலும் அவர்தான், எம்.டி. வீட்டு வைஃபைக்கும் அவர்தான். நான் ஐடி ஆளு இல்லீங்க, டெஸ்பாட்ச்ல ஆணி புடுங்கறவன். ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகணும்!

1980-கள்ல லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு பெரிய தலைங்க இங்க காலூன்ற, பின்னாடியே பார்ட்ஸ் செய்யற பட்டறைங்க வந்துச்சு. எங்களுதும் அப்படித்தான். பத்து பேர் இருநூறு பேராச்சு, புது ஷெட் வந்துச்சு, சிஎன்சி வந்துச்சு. சிஸ்டத்துக்கு மட்டும் அதே ஒத்தை ஆளு. கேட்டா, "அது செலவு டிபார்ட்மெண்ட்பா"ம்பாங்க.

செலவு என்னன்னு 2022 ஏப்ரல்ல தெரிஞ்சுது. 1-ம் தேதியிலேர்ந்து 20 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கறவங்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். போர்ட்டல்ல பதிஞ்சு ஐஆர்என் நம்பர் வந்தாத்தான் அது பில்லு. எங்க தம்பி மார்ச் கடைசியில எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தாவிட்டார். அத்திப்பள்ளி தாண்டினா அரை மணி நேரம் (டிராஃபிக் இல்லாத நாள்ல... அப்படி ஒரு நாள் இருந்தா!), சம்பளம் ரெண்டு மடங்கு. யாரா இருந்தாலும் போவோம். பாஸ்வேர்டெல்லாம் அவர் மண்டையிலயே போயிடுச்சு.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் லோடு ஏத்தின வண்டி கேட்லயே நின்னுச்சு. கஸ்டமர் பர்ச்சேஸ்லேர்ந்து வந்த போனை எடுத்தவன் நான், வாங்கிக் கட்டிக்கிட்டவனும் நான். ஞாயித்துக்கிழமை அந்தத் தம்பியே பஸ் புடிச்சு வந்து சரி பண்ணிக் குடுத்துட்டு, டீ மட்டும் குடிச்சுட்டுப் போனார்.

அதுக்கப்புறம் முதலாளி என்ன பண்ணாரு? பெரிய ஈஆர்பி ஒண்ணுக்குக் கொட்டேஷன் வாங்கினாரு. இங்கதான் எனக்குச் சண்டை. சாஃப்ட்வேர் அப்புறம் சார், முதல்ல ரெண்டாவது ஆளைப் போடுங்க. பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க பக்கத்துலயே இருக்காங்க. ஒருத்தன் பெங்களூரு போகத்தான் போறான், அதனாலதானே ரெண்டு பேரு? அவங்களை அக்கவுண்ட்ஸுக்குக் கீழ கட்டிப் போடாதீங்க. மொத மாசம் ஸ்டோர்ஸ்லயும் டெஸ்பாட்ச்லயும் நிக்க விடுங்க. சரக்கு எப்படி வெளிய போகுதுன்னு பார்க்காதவன் அதுக்கு எப்படி சிஸ்டம் போடுவான்?

கொட்டேஷன் இன்னும் எம்.டி. டேபிள்ல. ரெண்டாவது ஆளு இன்னும் வரல. புதுத் தம்பிகிட்ட கெஞ்சி பாஸ்வேர்டையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, எம்.டி. பீரோவுல வெக்க வெச்சிருக்கேன்.