கடைக்கால் தோண்டும் முன் ஒரு தாள்

தை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் பாபநாசம் வட்டாரத்தில் பலர் வீட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். மேஸ்திரியிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியதோடு சரி. "மத்ததை அப்புறம் பாத்துக்கலாம், நம்ம வீட்டு வேலைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். தகராறு முளைப்பது அங்கேதான். சன்ஷேடு சதுர அடியில் சேருமா? மாடிப்படியை எப்படி அளப்பது? கழிவுநீர்த் தொட்டிக்குத் தனிக் கூலியா? பூச்சு முடிந்த சுவரை இடித்து ஜன்னல் வைக்கச் சொன்னால் அது யார் கணக்கு? கூலி பேசும்போதே இவற்றையும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதையும் எழுதிக் கையெழுத்திடுவது இரு தரப்புக்கும் கட்டாய வழக்கமாக வேண்டும்.

எழுதச் சொன்னால் நம்பவில்லை என்று ஆகிவிடாதா என்பார்கள். இந்த டெல்டாவே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பிக் குத்தகைக்கு உழுதவர்கள், தகராறு வந்தபோது தாங்கள்தான் சாகுபடியாளர் என்று நிறுவ முடியாமல் தவித்தார்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. எழுத்து இல்லாத இடத்தில் எளியவர்தான் தோற்கிறார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் என்ன பேசினோம் என்பதை மேஸ்திரி எதைக் காட்டி நிரூபிப்பார்? இத்தாலி 2017-இல் சுயதொழில் செய்வோருக்கென ஒரு சட்டம் இயற்றியது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேலை கொடுப்பவர் மறுப்பதையே அது முறைகேடு என்கிறது. பில் கொடுத்து 60 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கும் நிபந்தனையும் அங்கே செல்லாது.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு மேஸ்திரி அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார் என்ற வீட்டுக்காரரின் குறையிலும் நியாயம் உண்டு. அதற்காகத்தான் கட்டம் கட்டமாகக் கொடுக்கச் சொல்கிறேன்: கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று முடித்த வேலைக்கு உடனே பணம், கடைசியில் சிறு பாக்கி. கட்டத்துக்கு நடுவே வாராவாரம் கொடுப்பதை அதில் கழித்துக்கொள்ளலாம். ஏனென்றால் சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மேஸ்திரி கூலி கொடுத்தாக வேண்டும். "நெல்லுப் பணம் வரட்டும்" என்ற பதிலைச் சித்தாள் மளிகைக் கடையில் சொல்ல முடியாது. நெல்லுப் பணம் எப்போது வரும் என்று தெரியாவிட்டால், வந்தபிறகு வேலையைத் தொடங்குவதே முறை. சிமென்ட், கம்பி விலை ஏறினால் என்ன செய்வது? பொருளோடு சேர்த்துப் பேசியிருந்தால், பேசிய அன்றைய விலையையும் குறித்து, அதற்கு மேல் ஏறுவதை யார் ஏற்பது என்றும் எழுதிவிடலாம். நோட்டுத் தாள் ஒன்று போதும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டி, இருவர் கைப்பேசியிலும் படம் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் கூடுதல் வேலை வந்தால் அதே தாளின் கீழே தேதியோடு கூலியைச் சேர்த்துவிட்டு, அதன்பிறகு சுவரை இடிக்கட்டும்.