விருந்தினர்க்கும் அறம் உண்டு

மலைக்குப் போய்வந்த நண்பர்களிடம் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கிறது. அருவி, படகுத்துறை, காட்சிமுனை என இரண்டு நாளில் ஏழு இடங்கள். இதற்கு மாற்றாக 'நிதானப் பயணம்' என்றொரு பேச்சு சில காலமாக நம்மிடையே நடமாடுகிறது. ஓரிடத்தில் தங்குவது, கால்நடையாகத் திரிவது, அவ்வூர் உணவையே உண்பது என்பன அதன் சாரம். 1986இல் உரோம் நகரில் அமெரிக்கத் துரித உணவகம் ஒன்று வந்ததை எதிர்த்துக் கிளம்பிய நிதான உணவு இயக்கத்தின் வழியில் வந்தது இது. கருத்தில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் நம்மவர் அதைப் பேசும்போது, பயணியின் மன அமைதியே பேச்சு முழுவதையும் நிறைத்துவிடுகிறது. அவர் போய்த் தங்கும் ஊர் வெறும் பின்னணியாக நின்றுவிடுகிறது. இது சரிதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

சென்ற கார்த்திகையில் நாங்கள் நால்வர் ஜவ்வாது மலையில் ஐந்து நாள் தங்கினோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர்ப் பேருந்து. அங்கிருந்து இன்னொரு வண்டி. அதன்பின் ஒன்றரை மணி நேர நடை. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர் அது. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர், பேசுவது தமிழே. சாமை அறுவடை முடிந்து களத்தில் தாள் குவிந்திருந்தது. இரவில் வானம் அத்தனை கருமை. இதே மலைத்தொடரின் காவலூரில் வானாய்வகம் அமைத்தவர்கள் தேடி வந்ததும் இந்த இருளைத்தான் என்பது அப்போது விளங்கிற்று.

மூன்றாம் நாள் மாலை, நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியிடம் எங்களுள் ஒருவர் வியந்து சொன்னார்: "எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாட்டி உங்கள் ஊர்!" பாட்டி சாமையைப் புடைப்பதை நிறுத்தவில்லை. "புள்ளைங்க ஊர்ல இருந்தா இப்பிடியா கண்ணு இருக்கும்?" என்றார்.

ஒரு மகன் திருப்பூரில். மற்றவர் கருநாடகத்துக் காப்பித் தோட்டத்தில். எதிர்வீட்டிலும் அடுத்த வீட்டிலும் அதே கதை. நாங்கள் மூன்று நாளாக அனுபவித்துக்கொண்டிருந்த அமைதி, வேலை தேடிப் போனவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடம். இம்மலையிலிருந்து கூலிக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பியதுமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். செய்தித்தாளில் படித்து நாம் மறந்துவிட்ட செய்தி. அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு அமைதியைப் புகழும்போது அது நினைவுக்கு வந்து நாவைக் கட்டிப்போட்டது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பத்துக் குறளும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகின்றன. விருந்தாகப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதற்கு நாம் பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாத்திடம் போக வேண்டும். பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இப்பாட்டு, செங்கண்மாவின் தலைவன் நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்வது. செங்கண்மா இன்றைய செங்கம். ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ளது. பாட்டில் வரும் சேயாறு இம்மலையில் பிறக்கும் செய்யாறுதான். ஆகவே நாங்கள் நடந்த மண்ணுக்கு மிக அண்மையில் நடக்கும் பாட்டு இது.

நன்னனின் புகழுக்காகவே இதைப் படிப்பவர் உண்டு. இம்முறை நாங்கள் அதை ஒரு வழிப்போக்கர் கையேடாகப் படித்தோம். இரவில் நடக்காதே, பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்தபின் போ என்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், ஒதுங்கிப் போ என்கிறது. அதாவது, நீ நடக்கும் வழி வேறு ஒருவரின் பிழைப்பிடம் என்று நினைவூட்டுகிறது. கவர்த்த வழி வந்தால், சரியான வழியைத் துடைத்து, பின்னால் வருகிறவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வை என்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த அறிவுரை இன்னொன்று. குறவரே திகைக்கும் மலையில் வழி தவறினால், மேலும் நடக்காமல் அகன்ற பாறையில் கூடியிருந்து உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவார்கள் என்கிறது. நில், உன்னிடம் உள்ளதைக் கொடு, ஊரார் வருவார்கள் என்பதைவிட நிதானப் பயணத்துக்கு வேறு விளக்கம் வேண்டுமா என்ன?

அந்தக் கூத்தர்கள் வறியவர்கள். ஊராரின் தயவின்றி அம்மலையைக் கடக்க அவர்களால் முடியாது. அந்தத் தேவையே அவர்களைப் பணிவுள்ளவர்களாகவும் கவனமுள்ளவர்களாகவும் ஆக்கியது. நமக்கோ கையில் பணமிருக்கிறது. ஆகவே யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். நிதானம் என்பதை நாள்களின் எண்ணிக்கையாக மட்டும் கொள்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஐந்து நாள் தங்கியும் வீட்டுக்காரரின் துயரை அறியாமல் திரும்புவது, விரைந்து போய்வருவதைவிட எவ்வகையில் மேல்?

எனவே எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நமது அமைதிக்காக ஒரு மலையூருக்குச் சாலை வராமலிருக்கட்டும் என்று விரும்ப நமக்கு உரிமையில்லை. பிரசவ வலியில் தூளியில் சுமந்து இறக்கப்படும் பெண்ணுக்கு அந்தச் சாலை உயிர். சாலை வந்தால் அழகு போய்விடும் என்று வருந்துவோர், அவ்வழகுக்கு விலை கொடுப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். அடுத்து, தங்குவதற்கும் உண்பதற்கும் நாம் கொடுக்கும் பணம் ஊரார் கைக்கே போக வேண்டும். சாமையை அறுத்துக் குத்தித் தீட்டும் உழைப்பைப் பார்த்தவர் அதன் விலையில் பேரம் பேச மாட்டார். சாமைச் சோற்றை விரும்பிக் கேட்டு உண்ணும் நாலு விருந்தினர் இருந்தால் அதை விதைக்கவும் ஒரு காரணம் கூடும். நாலு விருந்தினரால் திருப்பூர் போன மகன் திரும்பிவிடுவாரா என்று கேட்கலாம். திரும்ப மாட்டார்தான். ஆனால் அதைச் சொல்லி நம் பங்கைத் தட்டிக்கழிக்கவும் கூடாது.

இதை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. ஊரின் பெயரைச் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் கூட்டம் வரும், காலிப் புட்டிகள் வரும் என்றார் ஒருவர். மறைப்பது, நாம் கண்ட அமைதியை நமக்கே பூட்டி வைத்துக்கொள்வதாகாதா, புல் முடிந்து வைத்தவர்களுக்கு அது அழகா என்றார் மற்றவர். முடிவை ஊருக்கு விடுவதே முறை என்று, புறப்படும் காலையில் பாட்டி சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டோம். "நாலு பேரு வரட்டும் கண்ணு. வந்தா உக்காந்து பேசிட்டுப் போவணும்."

ஆகவே, உட்கார்ந்து பேச நேரமுள்ள நண்பர்கள் கேட்டால் ஊர்ப்பெயரையும் வழியையும் சொல்வோம். பட்டியலில் சேர்க்க இன்னோர் இடம் தேடுவோர் எங்களை மன்னிக்க.