காசு கொடுத்து வாங்கிய கேம் யாருடையது?

2025 ஜூன் 5ஆம் திகதி நின்டெண்டோவின் ‘சுவிட்ச் 2’ சந்தைக்கு வந்தது. அதற்கான கேம்களில் பல ‘கேம் கீ கார்ட்’ என்ற வடிவில் விற்கப்படுகின்றன. கடையில் பெட்டி கிடைக்கும், பெட்டிக்குள் கார்ட்டும் இருக்கும். ஆனால், கார்ட்டில் கேம் இருக்காது. இணையத்தின் ஊடாகத்தான் தரவிறக்க வேண்டும். அதன் பிறகும் விளையாடும்போது கார்ட் கருவிக்குள் இருந்தாக வேண்டும்.

நின்டெண்டோவின் வரலாற்றை வேகம், திரை, விற்பனை என்ற கணக்கிலேயே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அது வேறொரு கதையாகவும் தெரிகிறது.

1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் இது. 1983இல் தொலைக்காட்சியுடன் இணைக்கும் ‘ஃபமிகொம்’ வந்தது. 1989இல் கையடக்க ‘கேம் போய்’. கேம் போயின் திரையில் நிறமில்லை. ஆனால் விலை குறைவு, நான்கு பற்றரிகளில் பல மணிநேரம் ஓடும். நிறத்திரையுடன் வந்த போட்டிக் கருவிகளை அது விற்பனையில் வென்றது.

அன்றும் கட்டுப்பாடு இருந்தது. அமெரிக்காவில் 1985இல் வெளியான கருவியில், அனுமதி பெறாத கேம்களைத் தடுக்கும் சிப் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். எனினும் அது கேம் தயாரிப்பவர்களுக்கான பூட்டு. வாங்கியவரின் கையிலிருந்த கசற் அவருடையதாகவே இருந்தது. சிறுவயதில் ஒன்றுவிட்ட அண்ணா வீட்டில் ஃபமிகொமின் நகல் கருவி ஒன்றில் விளையாடியிருக்கிறேன். கசற்றை ஊதிச் செருகினால் ஓடும். எங்கேயோ இருக்கும் சேர்வரின் அனுமதி அதற்குத் தேவைப்படவில்லை.

2023 மார்ச் 27ஆம் திகதி, ‘3டீஎஸ்’, ‘வீ யூ’ ஆகிய கருவிகளின் இணையக் கடைகளில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கனவே வாங்கியவர்கள் மீண்டும் தரவிறக்கலாம் என்றார்கள். எவ்வளவு காலத்துக்கு என்ற உறுதி இல்லை. கடையில் மட்டுமே கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்க வழியில்லாமல் போனது. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 வீதமானவை இன்று விற்பனையில் இல்லை என்று அதே ஆண்டில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவற்றை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்து அணுக நூலகங்களுக்கு இடமளிக்குமாறு கேட்கப்பட்டபோது, 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. அதிக கொள்ளளவுள்ள கார்ட்டுகளுக்குச் செலவு அதிகம். கேம் கீ கார்ட்டை இன்னொருவருக்கு விற்கலாம், இரவலும் கொடுக்கலாம். ஆனால் சேர்வர் நிறுத்தப்பட்ட பிறகு புதிய கருவி வாங்குபவருக்கு அது வெறும் பிளாஸ்ரிக் துண்டுதான்.

ஊடகக் கற்கையில் பழைய திரைப்படங்களையும் பத்திரிகைகளையும் ஆவணக் காப்பகங்களில் தேடிப் படித்தோம். கேம்களும் ஒரு காலத்தின் பதிவுகளே. விற்பனையை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம். அப்படி நிறுத்தியதைப் பாதுகாக்கவும் ஆய்வுக்குத் திறந்துவிடவும் நூலகங்களுக்குச் சட்டம் இடமளிக்க வேண்டும். தரவிறக்கும் வசதி குறைந்தது எத்தனை வருடங்களுக்கு இருக்கும் என்பதையும் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். காசு கொடுப்பவர் அதைத் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.