வீடு பார்க்கப் போகிறீர்களா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வீடு தேடிப் பழக்கமில்லை. வேலையோடு லயத்து வீடும் வந்தது. எந்த லயம், எத்தனையாவது கதவு என்பதைக் கிராணியார் சொல்லிவிடுவார். வேலை போனால் வீடும் போனது. அதனால்தான் முதன்முதலாகப் பட்டணத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

போடுவதோ சேமநிதிப் பணம். 2024 மே முதல் மாதச் சந்தாவில் நூற்றுக்கு 15 பங்குதான் வீட்டுக்கென எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் சேர்கிறது. எடுத்தபின் மறுபடி அவ்வளவு சேர எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பத்துமலைப் பக்கம் குடியேற நம்மவர்களுக்குத் தனி ஆசை. ஜன்னலைத் திறந்தால் முருகன் தெரிய வேண்டும் என்கிறார்கள். ஆசையில் தவறில்லை. 2010 முதல் கொமுட்டர் ரயில் கோயில் வாசல்வரை வருகிறது. தமிழ்ப்பள்ளி உண்டு, செலாயாங் மருத்துவமனையும் தொலைவில்லை. ஆனால் பள்ளி இருந்தால் மட்டும் போதாது. ஏழு வயதுப் பிள்ளை பெருஞ்சாலையைக் கடக்காமல் போக வழி உண்டா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். தைப்பூசத்துக்குச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அன்று பிரசவ வலி கண்டால் எந்தத் தெரு வழியாக வண்டி வெளியே போகும் என்பதையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வையுங்கள்.

இவற்றைவிடப் பெரிது தண்ணீரும் மலையும். ஊருக்குப் பெயர் கொடுத்ததே பத்து ஆறுதான் என்பார்கள். ஆற்றோரத்தில் வீடு மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள். வெயில் நாளில் போகாதீர்கள். பெருமழை பெய்த மறுநாள் போங்கள். முழங்கால் உயரத்தில் கறைக் கோடு, கீழ்ச்சுவருக்கு மட்டும் புதுச் சாயம், செங்கல்மேல் ஏற்றிவைத்த ஐஸ்பெட்டி, இவையெல்லாம் வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, மாடியிலும் கூரையிலும் மக்கள் சிக்கிக் கிடந்ததை நாடே பார்த்தது.

மலையடிவாரமும் அப்படித்தான். 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். பின்னாலிருந்த சரிவில் மழைநீர் வடிய ஒழுங்கான வழியில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1973இல், ஈப்போ குனோங் செரோவில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து அடிவாரத்து வீடுகளின்மேல் விழுந்து உயிர்களைப் பறித்தது. பத்துமலையும் சுண்ணாம்புப் பாறைதான். பாறையின் நிழல் விழும் வீடு குளுகுளுவென்றிருக்கும். சும்மா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்து, மாடியா தரையா? பழைய மலிவு விலை அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் கிடையாது. விலை குறைவென்று ஐந்தாம் மாடியில் வாங்கி, முட்டிவலிக்கார மாமியாரை மேலேயே சிறைவைத்த குடும்பங்கள் உண்டு. லிப்ட் இருந்தால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். கடன் தவணையோடு அதையும் சேர்த்து எழுதுங்கள். அறிவிப்புப் பலகையில் பாக்கிக்காரர் பட்டியல் நீளமாகத் தொங்குகிறதா? லிப்ட் எப்படி ஓடுமென்று தெரிந்துவிடும். தரைவீட்டில் பின்னால் இடமிருந்தால் முருங்கை வைக்கலாம், கூரை ஒழுகினால் நம் பாடு.

நிலப் பத்திரத்தையும் பாருங்கள். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகையென்றால் மிச்சம் எத்தனை ஆண்டு? மிச்சம் குறைந்தால் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதியும் வேண்டும். முன்பணத்துக்கு முன்பே நில அலுவலகத்தில் வழக்கறிஞர் மூலம் விசாரித்துவிடுங்கள். தரகர் நம்மவர்தானே, வருஷா வருஷம் காவடி எடுப்பவர்தானே என்று ரசீதில்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.