காலடி வரிசைக்குக் காலம் கொடுப்போம்

மலாயாத் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் உடன்கொணர்ந்த சிலம்பம், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது பெருமைக்குரியதே. ஆயினும் கம்புவீச்சின் அலங்காரத்தில் மயங்கி, காலடி வரிசையையும், தண்டால், பஸ்கி ஆகிய உடற்பயிற்சிகளையும், வெறுங்கைக் குத்துவரிசையையும் அவசரமாகக் கடக்கும் அப்பியாச முறை எங்கள் பாரோய் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன்.

முன்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைத் தளரவிட்டு, முஷ்டி இலக்கைத் தொடும் கணத்தில் மூச்சை வெளிவிட்டு, இடக்குத்தை வலக்குத்தால் தொடர்ந்து, குத்திய கையை உடனே முகத்தின் காவலுக்கு மீட்கும் குத்துவரிசையின் அந்தச் சாதாரணத் தொடரில்தான் பலம் பிறக்கிறது. கையை மட்டும் வீசுபவனுக்கோ சீக்கிரமே தோள் சோர்ந்துவிடும். வளரும் எலும்பைக் கடினப் பொருளில் குத்தவைத்து உரமேற்றுவதோ அபாயம். குத்தும் காலடியிலேயே தொடங்குவதால், பெற்றோர் பதக்கத்தைக் கேட்குமுன், ஆசான் முதலாண்டைக் காலடிக்கே ஒதுக்கச் சம்மதிக்க வேண்டும்.